ஆள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

நெய்வேலிச் சுரங்கத்தை 1957-ல் நேரு தொடங்கிவைத்தார். 1962-ல் அங்கே மின்சாரம் பிறந்தது. பல கிராமங்கள் தங்கள் நிலத்தைக் கொடுத்துப் பெற்ற மின்சாரம் அது. இத்தகைய மின்சாரத்தை ஊர் ஊராகப் பங்கிடும் வேலையை இப்போது கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்து வருகிறோம். செய்யட்டும், நான் விஞ்ஞானத்துக்கு விரோதி அல்லன். எங்கோ இருக்கும் துணை மின்நிலையத்தின் விசையை ஓர் அறையில் அமர்ந்தபடியே இயக்குவது மனித மூளையின் வெற்றிதான். ஆனால் அந்த அறையில் இருப்பவனால் முடிகிற காரியம், அதற்குள் கள்ளத்தனமாகப் புகுந்தவனாலும் முடியும் அல்லவா?

"புகவே முடியாது" என்பதுதான் இதற்கு வழக்கமான பதில். 2019 அக்டோபர் 29-ந் தேதி, தன் கட்டுப்பாட்டு யந்திரங்களின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று கூடங்குளம் அணுமின் நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே, கம்ப்யூட்டர் ஒன்றில் தீய நிரல் புகுந்தது உண்மை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ந் தேதியே தகவல் வந்துவிட்டதாம்! அது நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டர். உலையை இயக்கும் அமைப்போடு தொடர்பில்லாதது என்றார்கள். இரண்டு அறிக்கைகளும் முரண்படவில்லை என்று வக்கீல் வாதாடலாம். திருடன் திண்ணை வரைதான் வந்தான் என்பது வீட்டுக்காரனுக்குப் பெருமையா?

சாத்தியமே இல்லை என்று நம்புகிறவன் அடுத்தபடியாக, "துணை மின்நிலையத்தில் ஆள் எதற்கு?" என்று கேட்பான். நான் அஞ்சுவது அந்தக் கேள்விக்குத்தான்.

உக்ரேனில் 2015 டிசம்பர் 23-ந் தேதி நடந்ததைப் பாருங்கள். மின்னஞ்சல் வழியே பல மாதங்களுக்கு முன்பே புகுந்திருந்தவர்கள், மூன்று விநியோக நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களைக் கைப்பற்றி விசைகளைத் திறந்துவிட்டார்கள். சுமார் 2,25,000 இணைப்புகள் இருளில் மூழ்கின. சில மணி நேரத்தில் வெளிச்சம் திரும்பியது. எப்படி? தொழிலாளிகள் துணை மின்நிலையங்களுக்கு ஓடிப் போய்க் கையாலேயே விசைகளை மூடினார்கள். அந்தக் கைகளுக்கு அந்த வேலை இன்னும் மறந்திருக்கவில்லை.

2021-ல் மத்திய மின்சார ஆணையம் மின்துறைக்கென்று சைபர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் காகிதம் விசையை மூடாது. யந்திரம் வாங்கப் பணம் இருக்கிறது, ஆளுக்குச் சம்பளம் கொடுக்க இல்லை என்பவர்கள் சிக்கனம் செய்யவில்லை. ஊரின் வெளிச்சத்தையே அடகு வைக்கிறார்கள். கம்ப்யூட்டர் வரட்டும். அதோடு, அது இல்லாமலும் வேலை தெரிந்த மனிதன் அங்கே இருந்தாக வேண்டும்.