காதுக்கு எழுதிப் பழகுங்கள்

1924 ஜனவரி 15 அன்று பிபிசி வானொலியில் ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய ‘டேஞ்சர்’ ஒலிபரப்பானது. வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகம் என்று அதைச் சொல்வார்கள். கேட்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாதே, என்ன செய்வது? 23 வயது ஹியூஸ் கதையை வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் விளக்கை அணைத்துவிட்டார். பாத்திரங்களுக்கும் இருட்டு, நமக்கும் இருட்டு. ஊடகத்தின் குறையே கதைக்குக் களமாகிவிட்டது.

நாடகமோ திரைக்கதையோ எழுதக் கற்க வரும் பிள்ளைகளுக்கு முதல் பாடமாக நான் இதைத்தான் வைப்பேன்.

பிரிட்டனில் இந்த எழுத்துக்கென்றே முதுகலைப் படிப்புகள் பல உண்டு. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1989இல் நாடகாசிரியர் டேவிட் எட்கர் தொடங்கிய எம்.ஏ. அவற்றுக்கு முன்னோடி. சாரா கேன் அங்கே படித்தவர். 1995இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் அவருடைய ‘பிளாஸ்டட்’ மேடையேறியபோது பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. இன்று சில படிப்புகளில் மேடை, திரை, ஒலி மூன்றையும் ஒரே மாணவர் கற்கிறார்.

இந்தச் சேர்க்கையில் பெரிய நியாயம் இருக்கிறது. மேடையில் ஒருவர் பேசாமல் நின்றாலும் நம் கண் அவரை விடாது. திரையில் கேமரா கிட்டே போய்விட்டால் ஓர் இமையசைவு ஒரு பக்க வசனத்தின் வேலையைச் செய்துவிடும். வானொலியில் நாலு வரி பேசாமல் இருந்தால் அந்த ஆளே காணாமல் போய்விடுவார். அவர் அறையில் இருக்கிறார் என்று உணர்த்த ஓர் இருமல் வேண்டும், அல்லது நாற்காலி நகரும் சத்தம் வேண்டும். “சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு குடையோடு வருகிறாயே” என்று எழுதினால் கேட்பவர் நிலையத்தை மாற்றிவிடுவார். விளக்கம் சொல்லாமல் விளங்கவைக்கும் வித்தையை ஒலிநாடகம்போல் கறாராகக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் வேறில்லை.

அந்தோணி மிங்கெல்லாவைப் பாருங்கள். ஹல் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்து, அங்கேயே பாடமும் நடத்தியவர். மேடைக்கு எழுதினார், வானொலிக்கும் எழுதினார். 1988இல் ஒலிபரப்பான ‘சிகரெட்ஸ் அண்ட் சாக்லேட்’ நாடகத்தில் நாயகி பிறரிடம் பேசுவதையே நிறுத்திவிடுகிறாள். குரலை நம்பியே இயங்கும் வானொலியில் பேசாத நாயகி! பதில் வராத அவளிடம் நண்பர்கள் பேசிப் பேசித் தங்கள் மனதையே திறந்து கொட்டுகிறார்கள். விதியை முழுக்க அறிந்தவருக்கே அதை மீறும் துணிச்சல் வரும். அவரே எழுதி இயக்கிய ‘தி இங்கிலீஷ் பேஷண்ட்’ (1996) சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை வாங்கித் தந்தது. மேடையும் வானொலியும் வளர்த்த எழுத்தாளர் அவர்.

தமிழுக்கும் இந்தப் பாதை பழகியதுதான். பாவலர் பாலசுந்தரத்தின் மேடை நாடகம் 1952இல் ‘பராசக்தி’ படமானது. அதன் வசனங்களைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் ஊர்தோறும் இருந்தார்கள். கே. பாலசந்தர் மேடையிலிருந்து திரைக்கு வந்தவர். இன்று சினிமாவுக்கு எழுத ஆசைப்படும் இளைஞர்கள் பலர் உதவி இயக்குநராகச் சேர்ந்துதான் தொழில் கற்கிறார்கள். அந்த அனுபவத்தின் மதிப்பு பெரிது. ஆனால், சரியாக வராத காட்சியை நாலு பேர் உட்கார்ந்து உரக்க வாசித்து, எந்த வரியில் கதை தொய்கிறது என்று பேச, படப்பிடிப்புத் தளத்தில் யாருக்கு நேரம் இருக்கிறது? அந்த நேரத்தைத் தரத்தான் பல்கலைக்கழகம் வேண்டும்.

நம் பல்கலைக்கழகங்கள் இதற்கென முதுகலை வகுப்பு தொடங்கட்டும். முதல் பருவத்தில் ஒலிநாடகம், அடுத்து மேடை, அதன்பின் திரை என்று வரிசை அமையட்டும். ஒலிநாடகத்துக்குப் பெரிய செலவும் இல்லை; ஒரு கைபேசியும் வாசிக்க இரண்டு நண்பர்களும் இருந்தால் பதிவு செய்துவிடலாம். வகுப்பு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எழுத விரும்பும் பிள்ளைகளே, பத்து நிமிட நாடகம் ஒன்றை இந்த வாரமே காதுக்கு எழுதுங்கள்.