சீனத் தேசீயம் எங்கே பிறந்தது?

சீனரின் தேசீயத்தைப் பற்றிப் பேசப்புகும் நம்மவரிற் சிலர், 1900-ஆம் ஆண்டில் பாக்ஸர்கள் ஏந்திய வாளையும் ஈட்டியையும் வானளாவப் புகழ்ந்து, அந்நியனை வெட்டத் துணிந்த அன்றே சீனத்தில் நாட்டுணர்ச்சி பிறந்ததென முடிவு கட்டிவிடுகின்றனர். நாம் இதனை ஒப்போம்.

பாக்ஸர்களின் துயரம் மெய்யே. ஜெர்மானியர் சாண்டுங்கிற் புகுந்த கொடுமையும், வறட்சியும் பசியும் அவ்வேழை உழவரை எழுப்பின. ஆயின் அவர்கள் எதனை நம்பினர்? மந்திரம் ஓதினால் துப்பாக்கிக் குண்டு உடலிற் பாயாதென்பதனை! எவரைக் கொன்றனர்? மாண்டவர்களுட் பெரும்பாலோர் கிறிஸ்தவஞ் சார்ந்த சீனரே. எதனைக் காக்க நின்றனர்? மக்களை வாட்டிய மஞ்சு அரசை! எட்டு வல்லரசுகளின் படை பீகிங்கைப் பிடித்ததும் (அப்படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனரென்பது நமக்குக் கசப்பான செய்தி), அவ்வரசே பாக்ஸர்களை ஒடுக்குமாறு கட்டளை பிறப்பித்தது. 1901-இல் தண்டம் 45 கோடி தேல் வெள்ளி. தவணை 39 ஆண்டு. அதனைச் சுமந்தவர் குடிமக்களே.

இனி 1919, மே 4-ஐப் பார்ப்போம். சாண்டுங்கில் ஜெர்மனிக்கிருந்த உரிமைகளைப் பாரிஸ் மாநாடு ஜப்பானுக்குக் கொடுத்ததென்றறிந்து, சுமார் 3,000 மாணாக்கர் பீகிங்கில் திரண்டனர். அவர்தம் சினம் அந்நியனோடு நிற்கவில்லை. நாட்டை விற்றாரெனத் தாங்கள் கருதிய சொந்த அமைச்சரின் வீட்டு வாயிலுக்கும் சென்றது. அதற்கு முன்பே, 1915 முதல், சென் டூஷியூ தொடங்கிய 'புதிய இளைஞன்' என்னும் ஏடு, கன்பூசியஸின் பெயரால் மகனைத் தந்தைக்கும் மனைவியைக் கணவனுக்கும் அடிமையாக்கிய முறையைத் தாக்கிற்று. பண்டிதர் நடையை விடுத்து மக்கள் பேசும் மொழியில் எழுதுகவென்றது.

“இவை வீட்டுச் சண்டைகள், இவற்றால் தேசத்துக்கு யாது பயன்?” என்று நகைப்பார் உளர். அவர்கள் அவ்வாண்டு ஜூன் மாதத்தை நோக்கட்டும். ஷாங்காயில் வணிகர் கடையடைத்தனர். ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அரசின் உயர் அதிகாரிகள் மூவர் பதவியிழந்தனர். ஜூன் 28-இல் வெர்சேல்ஸ் உடன்படிக்கையிற் சீனப் பிரதிநிதிகள் கையொப்பமிட மறுத்தனர். பாக்ஸர்களின் வாளால் ஆகாதது, எழுத்தறிந்தாரும் கூலிக்காரரும் கைகோத்த சில வாரங்களில் ஆயிற்று!

சாண்டுங் உடனே மீளவில்லை. 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எனினும் கற்ற பாடம் வீண்போகவில்லை. 1925, மே 30-இல் ஷாங்காயில் ஆங்கில அதிகாரியின் ஆணைப்படி, சீக்கியக் காவலரும் சீனக் காவலரும் கூட்டத்தின் மீது சுட்டனர். அதன்பின் காண்டனிலும் ஹாங்காங்கிலும் மூண்ட வேலைநிறுத்தம் பதினாறு மாதம் நீடித்தது. எந்த மந்திரமும் ஓதாமலே.