பெல்ட் நிரந்தரம், தொழிலாளி தற்காலிகமா?

நெய்வேலிச் சுரங்கத்தில் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் இதை எழுதும்போதும் ஓடுகிறது. நீங்கள் படிக்கும்போதும் ஓடும். பகல், இரவு, பொங்கல், தீபாவளி என்ற வித்தியாசம் அதற்குக் கிடையாது. ஒரு டன் பழுப்பு நிலக்கரியைத் தொட, அதைப்போல் பல மடங்கு மேல்மண்ணை அகற்றியாக வேண்டும். ராட்சதச் சக்கர யந்திரம் வெட்டிப் போடும் அந்த மண்ணும் பெல்ட்டில்தான் போகிறது. வெட்டி எடுத்த கரியும் பெல்ட்டில் ஏறித்தான் அனல் மின் நிலையம் போய்ச் சேருகிறது. பெல்ட் நின்றால் பங்கர் காலி. பங்கர் காலியானால் கொதிகலனில் நெருப்பு இல்லை.

பெல்ட் ஓடினால் கரி சிந்தும். சிந்திய கரி உருளைகளில் அடைத்தால் பெல்ட் கிழியும், தீயும் பிடிக்கும். ஆகவே ஷிப்டு தவறாமல் மண்வெட்டியும் கையுமாக அதை அள்ளிப் போட ஆள் வேண்டும். அந்த ஆள்தான் காண்டிராக்ட் தொழிலாளி. பெல்ட் நிரந்தரம், அவன் மட்டும் தற்காலிகம்! இது என்ன நியாயம்?

நெய்வேலி யாரோ ஒரு தனி முதலாளியின் பணத்தில் முளைத்ததல்ல. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி கண்டது. 1962-ல், சோவியத் உதவியுடன் கட்டிய அனல் மின் நிலையத்தில் மின்சாரம் பிறந்தது. நாட்டுக்காக என்று சொல்லித்தான் சுற்றுவட்டார விவசாயிகளின் நிலம் எடுக்கப்பட்டது. நாட்டின் சொத்தில் உழைப்பவனுக்கு நாளைய நிச்சயம் இல்லையென்றால், தனியார் முதலாளிக்கு நாம் என்ன புத்தி சொல்ல முடியும்?

சட்டத்தைப் பார்ப்போம். ஒரு வேலையில் காண்டிராக்ட் முறையைத் தடை செய்யுமுன் சர்க்கார் கவனிக்க வேண்டியவற்றை 1970-ம் வருடத்துச் சட்டம் வரிசைப்படுத்தியது. அந்த வேலை தொழிலுக்கு அவசியமா? நிரந்தரத் தன்மை உள்ளதா? இவை அதில் முக்கியமான கேள்விகள். இரண்டுக்கும் பெல்ட்டே சாட்சி சொல்லும். ஆனால் 2001 ஆகஸ்டில் ஸ்டீல் அதாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறொன்றைச் சொன்னது. காண்டிராக்ட் முறையைத் தடை செய்தாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டான் என்று தீர்ப்பளித்தது. 2010-லும் 2012-லும் நெய்வேலி காண்டிராக்ட் தொழிலாளிகள் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெல்ட்டுக்குள்ள அந்தஸ்தைத்தான் அவர்கள் தங்களுக்கும் கேட்டார்கள்!

2025 நவம்பர் 21-ல் பழைய சட்டத்தின் இடத்துக்கு, 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்தது. மூல வேலைகளில் காண்டிராக்ட் கூடாது என்கிறது அது. சபாஷ் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் விதிவிலக்குப் பட்டியல் நீளுகிறது: துப்புரவு, காவல், கான்டீன், தோட்ட வேலை. அந்த வரிசையில் 'ஏற்றுதல், இறக்குதல்' என்பதும் நிற்கிறது!

இதைக் காட்டி, பெல்ட் வேலையும் ஏற்றி இறக்கும் சில்லறை வேலைதானே என்று வாதிடும் மேதாவிகள் நாளை வரலாம். அவர்களுக்கு அந்தச் சட்டத்தின் வாசகத்தையே காட்டுவோம். ஸ்தாபனம் அந்த வேலைக்காக ஏற்பட்டதாக இல்லாவிட்டால்தான் விதிவிலக்கு பொருந்தும். நெய்வேலி எதற்காக ஏற்பட்டது? கரியை வெட்ட, சுமக்க, எரிக்க. வெட்டுவதற்கும் எரிப்பதற்கும் நடுவே இருப்பது பெல்ட். நடு உறுப்பை நீக்கினால் தலையும் காலும் எதற்கு?

இன்னொரு விஷயம். பெல்ட்டின் ஓரமாக ஒரு கயிறு ஓடுகிறது. ஆபத்து வந்தால் அதை இழுக்க வேண்டும்; பெல்ட் நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை இழுக்க மனிதனுக்கு நெஞ்சில் தைரியம் வேண்டும். 'உற்பத்தியை ஏன் நிறுத்தினாய்?' என்று கேட்டால் நிரந்தரத் தொழிலாளி நிமிர்ந்து பதில் சொல்லுவான். நாளைக்குக் கேட் பாஸ் இருக்குமோ என்று அஞ்சுகிறவன் கை கயிற்றுக்குப் போகுமா? வேலை நிச்சயம் என்பது சலுகை அல்ல, உயிர்ப் பாதுகாப்பு.

நாம் யந்திரத்துக்கு விரோதிகளா? ஒருக்காலும் இல்லை. இதே கடலூர் மாவட்டத்து நெல் கொள்முதல் நிலையங்களுக்குப் போய்ப் பாருங்கள். மூட்டை இன்னும் மனிதன் முதுகில்தான் லாரி ஏறுகிறது. ஒரு மனிதன் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாதென்று 1967-லேயே சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் சிபாரிசு செய்தது. மூட்டையின் எடை அதற்கு உட்பட்டதாகவே இருக்கட்டும். நாளெல்லாம் ஏறி இறங்கும் முதுகுக்குக் கணக்கு யார் வைத்தது? லாரியில் மூட்டை ஏற்றச் சிறிய பெல்ட் யந்திரம் உலகில் இல்லையா? இருக்கிறது. யந்திரத்தை விட மனிதன் மலிவாகக் கிடைக்கும் இடத்துக்கு அது வருவதில்லை. வந்த இடத்திலோ மனிதனை மலிவாக்கிவிடுகிறார்கள்!

ஆகவே நமது கோரிக்கை இரண்டு. மூட்டை தூக்கும் முதுகுக்கு யந்திரம் வரட்டும், ஆனால் ஒருவன் கூலியும் பறிபோகாமல் வரட்டும். யந்திரம் ஓடும் நெய்வேலியில், அதை ஓடவைக்கும் தொழிலாளி நிரந்தரமாகட்டும்.

பெல்ட்டைத் தற்காலிகமாக ஓட்ட நிர்வாகத்தால் முடியாது. தொழிலாளியை மட்டும் தற்காலிகமாக வைத்திருக்க எப்படி முடிகிறது? பதில் சொல்லட்டும்!