ஓடுகிற ஃபேனில் தூசி ஏன் ஒட்டுகிறது?



பண்டிகைக்கு முன் ஸ்டூல் போட்டு ஏறி சீலிங் ஃபேனைப் பார்த்தால், இறக்கை விளிம்பில் தூசி கறுப்பாக அப்பியிருக்கும். நாளெல்லாம் சுற்றுகிற இறக்கை. அந்த வேகத்துக்குத் தூசி பறந்துபோயிருக்க வேண்டாமா?

போகாது. எந்தப் பரப்பின்மேல் காற்று ஓடினாலும், பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அதோடு ஒட்டியேதான் இருக்கும். விலகிப் போகப் போகத்தான் வேகம் கூடும். 1904-ல் ஹைடல்பெர்க்கில் நடந்த கணித மாநாட்டில் ஜெர்மன் பேராசிரியர் லுட்விக் பிராண்டில் விளக்கிய விஷயம் இது. பரப்பை ஒட்டிய இந்த மெதுவான காற்றடுக்கை எல்லைப் படலம் என்பார்கள். நம் வீட்டு நுண்தூசி இந்தப் படலத்துக்குள் பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறது.

சரி, புளோயரை நேருக்கு நேர் பிடித்து ஊதினால்? நடுவில் ஏமாற்றம்தான். காற்று நேராக மோதும் புள்ளியில் அது நின்று, நாலாபுறமும் திரும்புகிறது. அங்கே அழுத்தம் அதிகம், உராய்வு கிட்டத்தட்ட பூஜ்யம். பக்கவாட்டில் ஓடத் தொடங்கிய பிறகுதான் பரப்பை இழுக்கிறது. சாய்த்துப் பிடித்தால் பலன் கிடைப்பது இதனால்தான்.

பழைய புத்தகத்தின் அட்டையை நாம் எப்படி ஊதுவோம்? ஒரே மூச்சாகவா? 'ஃபூ, ஃபூ' என்று விட்டுவிட்டுத்தானே! அதில் நல்ல இயற்பியல் இருக்கிறது. ஒவ்வொரு ஊதலின் முனையிலும் வளையமாக ஒரு சுழல் உருண்டு போகிறது. அது பரப்பில் மோதி விரியும் அந்த ஒரு கணம், உராய்வு சட்டென்று எகிறுகிறது. ஒட்டிய துகளைப் பெயர்க்கச் சராசரி இழுப்பைவிட இந்தத் திடீர் இழுப்புதான் உதவும்.

ஆனால் இப்படி விட்டுவிட்டுத் துடிக்கும் காற்று எப்போதும் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. துடிப்பின் வேகம், வாய்க்கும் பரப்புக்கும் உள்ள தூரம் இரண்டும் பொருந்த வேண்டும். ஊதல்களுக்கு நடுவே இடைவெளி அதிகமானால் படலம் மறுபடி தடித்துவிடும். சராசரி உராய்வு, சீரான காற்று தருவதைவிடக் குறைந்துபோவதும் உண்டு.

கம்ப்யூட்டருக்குள் தூசி ஊதும்போது இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கரண்டை நிறுத்தி, உள்ளிருக்கும் குட்டி ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, சாய்வாக, சின்னச் சின்ன ஊதல்களாக அடியுங்கள். பால்கனியில் வைத்துச் செய்யுங்கள்.

அறைக்குள் ஊதினால் பெயர்ந்த தூசி எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? வீஸிங் உள்ள குழந்தையும் வயதானவர்களும் மூச்சு விடும் காற்றில்தான். அதனால் சீலிங் ஃபேனுக்குப் புளோயர் வேண்டவே வேண்டாம். ஸ்விட்சை அணைத்துவிட்டு, பழைய தலையணை உறையை லேசாக நனைத்து இறக்கையில் மாட்டி, அழுத்திப் பிடித்து இழுத்துவிடுங்கள். தூசி உறைக்குள்ளேயே விழுந்துவிடும், கட்டிலில் கொட்டாது.