கலைப்பாரில்லா ஓட்டம்

சென்ற பங்குனி மாதத்து விடியற்காலை ஒன்றில், நாயாற்றுப் பாலத்துக்கு அணித்தாகக் கடனீரேரியின் கரையைத் தழுவிச் செல்லும் மணற்றடத்தில் யாம் ஓடிக்கொண்டிருந்தோம். ஓட்டம் என்று பெருமையாகச் சொல்லினும் அது நடையினுஞ் சிறிதே விரைவானது. வலையிற் சிக்கிய பாசியைக் களைந்துகொண்டிருந்த முதியவரொருவர் எம்மைக் கண்டதும் கைவேலையை விட்டெழுந்து, "என்ன மாஸ்டர், ஆர் கலைக்கிறாங்கள்?" என்று பதைப்புடன் வினவினார். ஒருவருங் கலைக்கவில்லை, உடம்புக்காக ஓடுகிறோம் என்றோம். எமக்குப் பின்னே ஒருவருமில்லை என்பதைக் கண்ணாற் கண்டு தெளிந்த பின்னரே அவர் மீண்டும் அமர்ந்தார்.

அது நகைத்தற்குரிய வினாவன்று. 1984 ஆம் ஆண்டின் இறுதியில் நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் ஆகிய ஊர்களின் தமிழ்மக்கள் வீடும் வயலும் வலையும் விட்டு ஓடினர். 2004 மார்கழி 26 இற் கடலே கலைக்க, இக்கரையோரத்தார் ஓடினர். 2009 இல் வன்னி முழுவதும் ஓடி, இனி ஓட நிலமில்லை என்னும் எல்லையில் முள்ளிவாய்க்காலில் முடங்கியது. யாமும் அவருள் ஒருவராய்ப் புத்தகப்பெட்டியை வழியிற் போட்டுவிட்டு ஓடியவரே. இத்தகைய நாட்டிலே ஒருவன் மனமகிழ்ச்சிக்காக ஓடுகின்றான் என்றால் அதனை நம்புதற்குச் சிறிது காலஞ் செல்லும்.

யாம் ஓடத் தொடங்கியது மகிழ்ச்சிக்காகவுமன்று என்பதை ஒளியாமற் கூறிவிடுகிறோம். குருதியிற் சர்க்கரை மிகுந்ததென வைத்தியர் அச்சுறுத்தியமையாலேயே தொடங்கினோம். கரைவலை இழுப்பவர்க்கும் வயலில் வரம்பு கட்டுபவர்க்கும் ஓட்டம் வேண்டியதில்லை; நாற்காலியிலிருந்து இலக்கணம் புகட்டும் எம்போலியர்க்கே அது வேண்டும். 1953 இல் ஜெரி மொறிஸ் என்னும் மருத்துவ அறிஞர், இலண்டன் மாநகரத்து இரட்டைத்தட்டுப் பேருந்துகளில் இருந்தபடியே வண்டியோட்டுஞ் சாரதியரைக் காட்டிலும், நாள் முழுதும் படியேறி இறங்குங் கொண்டக்டர்மாருக்கு இருதயநோய் குறைவெனக் கண்டு வெளியிட்டார். 1960 களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஓக்லண்ட் நகரில் ஆதர் லிடியாட் என்னும் பயிற்றுநர், நடுவயதினரையும் இருதய நோயாளரையுமே மெல்லோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். மூச்சிரைக்காது பேசிக்கொண்டே ஓடுமளவு வேகம் போதும் என்பதே மெல்லோட்டத்தார் கொண்ட அளவுகோல். தமிழாசிரியருக்கு இதனினும் இசைந்த பயிற்சி வேறுண்டோ!

எம் பாடசாலைகளிலோ ஓட்டம் ஆண்டுக்கொருமுறை வரும் திருவிழா. இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்கியதும் மரதன் ஓட்டம் என்று அறிவிக்கிறோம்; பதினொரு மாதம் மேசையில் குனிந்திருந்த பிள்ளைகள் ஒரே காலையிற் பல மைல் ஓடுகின்றனர். 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில் மரதன் ஓட்டத்திற் பங்குபற்றிய மாணவரொருவர் உயிரிழந்த செய்தியை வாசித்த அன்று எமக்கு உறக்கம் வரவில்லை. அதன் காரணத்தைத் தீர்ப்பது எம் வேலையன்று. ஆயினும் எம் மாணவர் எத்தனைபேர் அந்நாளுக்கு முன்னர் ஒரு மைலேனும் ஓடிப் பழகினர் என்று எம்மையே கேட்டுக்கொண்டோம்; விடை எமக்கு நாணந் தந்தது. முதல் மூவருக்குக் கிண்ணம் கொடுத்து ஏனையோரை அன்றோடு ஓட்டத்தினின்றும் விலக்கிவிடும் வழக்கம் மாறவேண்டும் என்பதே எம் துணிபு.

விலக்கப்படுவோரில் முதல்வர் பெண்பிள்ளைகள். பூப்பெய்தியபின் ஓடுதல் தகாது என்னும் பேச்சு இன்னும் எம்மூர்களில் ஓயவில்லை. அப்பேச்சைப் பேசுவோர் முள்ளியவளைத் திருமதி அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தன் அவர்களை நினைவிற் கொள்க. எழுபது வயதைக் கடந்த அம்மூதாட்டியார் 2023 இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கப்பதக்கங்களும், 800 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலமும் பெற்றார். எம் மாவட்டத்து மண்ணிற் பழகிய கால்கள் அவை.

தடத்தைப் பற்றியுஞ் சில சொல்லவேண்டும். கிழக்கே கடல், மேற்கே களப்பு. ஞாயிறு கடலில் எழுகையிற் களப்புநீர் செம்பொன்னாகும். மாரியில் முகத்துவாரம் உடைத்துத் தடம் நீரிலமிழும். மாசிக்குப் பின்னரே காலுக்கு இறுகிய மணல் கிடைக்கும். கண்டற் செடிகளினருகே கூழைக்கடாக்கள் மிதக்கக் காணலாம். (நாயாறென்னும் பெயருக்கேற்ப நாய்களுக்குங் குறைவில்லை, கையிற் சிறுதடி நன்று.) பழகிய தடத்தை விட்டுப் பற்றைக்குள் இறங்கலாகாது, மிதிவெடியின் அச்சம் இம்மாவட்டத்தை விட்டு முற்றாக நீங்கவில்லை. காயவிட்ட வலையை மிதித்தலும் ஆகாது. பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர் சிலர், இவ்விடத்தைக் கல்பதித்து விளக்கேற்றி நடைபாதையாக்கப் பொருளுதவ முன்வந்துள்ளனர். அவர்தம் அன்பை வணங்குகிறோம். எனினும் வேண்டா என்போம். அக்கரை மீனவரின் தொழிற்களம். பாதை அமைந்தால் வலை உலர்த்த இடம் எங்கே? அப்பொருளைப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்க அனுப்புக.

நன்னூல் படித்த நாளில், 'ஓடு' என்பது மூன்றாம் வேற்றுமை உருபுமாம், உடனிகழ்ச்சிப் பொருளில் வரும் என்று மனனஞ் செய்தோம். இப்போது சனிக்கிழமைதோறும் எம்மோடு பதினொரு மாணவர் வருகின்றனர். அவருள் நால்வர் பெண்பிள்ளைகள். எவரும் எவரையும் முந்தவேண்டியதில்லை என்பது மட்டுமே விதி. அன்று பதைத்த முதியவர் இப்போது எழுவதில்லை. "மாஸ்டர், அங்காலை சேறு, இஞ்சாலை வாங்கோ" என்று இருந்தபடியே கைகாட்டுகின்றார்.

யூபிலிக்கு ஊர்வரும் பழைய மாணவரும் வரலாம். காலை ஐந்தரைக்குப் பாலத்தடியில் நிற்போம்.