தூரத்தை எதனால் அளப்பது?

"ஊர் எவ்வளவு தூரம்?" என்று இலண்டனில் வளரும் நம் பிள்ளைகள் கேட்டால், "விமானத்திற் பத்தரை மணித்தியாலம்" என்று விடையளித்துவிடுகிறோம். அவ்விடை தவறன்று, ஆயினும் முழுமையானதன்று என்பதே நம் கருத்து.

இலண்டனிலிருந்து கொழும்பு வான்வழியே ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். இது பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய வழி. தட்டையான தேசப்படத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்தால் இவ்வழி சரியாகத் தெரியாது. பூகோள உருண்டையின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் தெரியும். மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். திரும்பி வரும் பயணம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் கூடுதலாக எடுக்கும். பூமி சுழல்வதே காரணமென்று பலர் எண்ணுவர். அது சரியன்று, காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. விமானம் பறக்கும் பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் கடுங்காற்று, போகும்போது பின்னின்று தள்ளுகிறது. வரும்போது எதிர்நின்று தடுக்கிறது.

1869 இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னரும் கப்பலில் இப்பயணம் வாரக்கணக்கில் நீண்டது. வாரங்கள் மணித்தியாலங்களாகச் சுருங்கியமை அறிவியலின் வெற்றியே. ஆனால் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர்தான். அங்கே 1990 முதல் 2014 வரை புகைவண்டி செல்லவில்லை. தரைப்பாதையும் போரினால் நெடுங்காலம் மூடப்பட்டிருந்தது. பெற்றோரின் இறுதிச் சடங்குக்கும் போக முடியாதிருந்தோர் நம்மிடையே உளர். 8,700 கிலோமீற்றரைக் கடந்தும் 400 கிலோமீற்றரைக் கடக்க இயலாத காலத்தை நம் தலைமுறை கண்டது. தூரத்தை அளக்கக் கிலோமீற்றரும் மணித்தியாலமும் போதா என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்று பாதை திறந்திருக்கிறது. விடுமுறையிற் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். ஆயினும் அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் எதிரெதிரே அமர்ந்து, பேச மொழியின்றிப் புன்னகை மட்டும் செய்துகொண்டிருப்பதைப் பல வீடுகளிற் காண்கிறோம். பெற்றோர் நடுவே நின்று மொழிபெயர்க்கின்றனர். இருவருக்கும் இடையே இருப்பது இரண்டு முழம். அதனைக் கடத்திவிட எந்த விமானமும் இல்லை.

கடக்கும் வழி நம்மிடமே உள்ளது. வாரத்திற்கு மூன்று மணித்தியாலத் தமிழ் வகுப்பு, ஆண்டுக்கு 35 வாரமெனக் கொண்டால், 105 மணித்தியாலம். அது பத்து முறை கொழும்புக்குப் பறக்கும் நேரம். இவ்வளவையும் செலவிட்டபின், வீடு திரும்பும் காரிலேயே ஆங்கிலத்துக்கு மாறிவிட்டால் பயன் யாது? குற்றம் பிள்ளைகளுடையதன்று, முதலிற் பேசவேண்டியவர்கள் பெற்றோராகிய நாமே. பயணச்சீட்டுக்காகப் பல மாதங்கள் சேமிக்கும் நாம், ஞாயிறுதோறும் பத்து நிமிடம் தொலைபேசியைப் பிள்ளையின் கையிற் கொடுத்து, "நீயே பேசு" என்று ஒதுங்கி நிற்கலாகாதா? தொடக்கத்திற் சொற்கள் தடுமாறும், தடுமாறட்டும். கேட்பவர் அத்தடுமாற்றத்தையும் மழலையென்றே மகிழ்வார்.

மாணவச் செல்வங்களே! அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, பரிசுப்பொருள்களோடு சில தமிழ்ச் சொற்களையும் கொண்டு செல்லுங்கள். அவற்றை எந்த விமான நிலையத்திலும் நிறுத்துப் பார்க்க மாட்டார்கள்.