ஏரியைப் பாராத வீடுகள்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் செல்வோர், காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணிற்படும் வளைவில் ஒரு கணம் நின்று போவதுண்டு. மின்சாரத்தின் பொருட்டுக் கெசல்கமுவ ஓயாவை மறித்து 1965ஆம் ஆண்டில் அமைத்த இந்நீர்ப்பரப்பு, இன்று இயற்கையே ஈன்ற ஏரிபோற் காட்சி தருகின்றது. இதன் கரையிலே புதுமுறை வீடொன்று அமைப்பதெனின் அஃது எவ்வாறு அமைதல் வேண்டும்?

இவ்வினாவிற்கு நம் நாட்டிலேயே விடை கண்டவர், காலஞ்சென்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. கந்தலமக் குளக்கரையில் 1994ஆம் ஆண்டில் நிறைவெய்திய ஹோட்டலை அமைத்தபோது, அவர் மலையைக் கட்டடத்திற்கு இணங்கச் செய்யவில்லை. கட்டடத்தையே மலைச்சரிவின் போக்கிற்கு இணங்க வைத்தார். தூண்களின்மேல் அதனை உயர்த்திப் பாறையினின்று வழியும் மழைநீர் அடியாற் செல்ல இடம் விட்டார். முகப்பெங்கும் கொடிகள் படரவிட்டார். நிலம் முந்தியது, வீடு பிந்தியது என்பதே அவர் கொள்கை போலும்.

இக்கொள்கையை ஹோட்டலுக்கும் செல்வர் மனைக்கும் மட்டும் உரியதாகக் கருதுதல் தவறு. காசல்ரீக் கரையிலே துரைமார் பங்களாக்கள் உள்ளன. அன்று பள்ளத்தாக்கை நோக்கிய அவற்றின் விறாந்தைகள் இன்று ஏரியை நோக்குகின்றன. சில உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன. அதே மலைநாட்டுச் சரிவுகளில் லயங்களும் உள்ளன. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. முன்னே ஒரு ஸ்தோப்பு. முதுகொட்டிய லயமாயின் பின்சுவருக்கப்பால் வேறொரு குடும்பம். அங்கு வாழ்வோர் ஏரியைக் காண்கின்றனர். அவர்தம் வீடுகளோ அதனைக் கண்டதில்லை.

அழகு ஒருபுறம் இருக்கட்டும். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறத்தல் இயலுமோ? நிலத்தின் போக்கறிந்து கட்டுதல் ஈண்டு உயிர்காக்கும் கடமையுமாகும்.

காணியோடு கூடிய தனிவீடு என்பது தோட்ட மக்கள் நெடுநாள் காத்திருந்து பெறும் பேறு. அதனை அமைப்போர் ஒரே வரைபடத்தை எல்லாச் சரிவுகளிலும் பதித்துவிடலாகாது. மழைநீர் எவ்வழி வருகின்றது, எம்மரத்தின் வேர் மண்ணைப் பிடித்துள்ளது, காலை வெயில் எத்திசையில் விழுகின்றது என்பவற்றை முதலில் நோக்குதல் வேண்டும். செலவு மிகும் என்பார் உளர். சாளரத்தின் திசையை மாற்றவும் நீரோடும் வழியை விட்டுக் கட்டவும் பெரும்பொருள் வேண்டுமோ? அச்சரிவிலே பல்லாண்டு வாழ்ந்த முதியோரைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். கேட்கும் மனமே வேண்டற்பாலது.